ஆறு காலும் இருக்கா?

கடையில் வாங்கிய பசை தீர்ந்துபோயிருந்தது. மே மாதத்து மத்தியான வெயிலில் மாடி இறங்கிக் கடைக்குப் போக வீட்டில் ஒருவருக்கும் மனமில்லை. பேத்தியும் பேரனும் கூடத்துத் தரையில் முட்டை அட்டையை வெட்டிப் பரப்பிவைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படிக்குப் போய் ரெண்டு கரண்டி மைதாவைக் கட்டி விழாமல் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கிண்டினேன். வெள்ளைக் கரைசல் மெல்ல மெல்லத் தெளிந்து, பளபளத்து, குமிழ் விட ஆரம்பித்தபோது அந்த வாசம் வந்தது. சென்னையில் மகன் வீட்டு அடுப்படியில் நின்றபடியே, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றின் திண்ணைக்குப் போய்விட்டேன்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அந்த வாசம் உண்டு. வாரத்துக்கு இரண்டு தடவையாவது பசை காய்ச்சுவார்கள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து சீவிய மெல்லிய மரத்தகடும் நீலத்தாளும் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். அடிப்பெட்டி ஒட்டுகிற வீடு தனி, மேல்பெட்டி ஒட்டுகிற வீடு தனி. கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அம்மா பசை காய்ச்சி இறக்குமுன் ஒரு துண்டு மயில்துத்தத்தை நுணுக்கிப் போட்டுக் கிளறுவாள். போடாவிட்டால் ஒட்டிய பெட்டியைக் கரப்பானும் எறும்பும் அரித்துத் தின்றுவிடும். மைதாப் பசையை நக்கிப் பார்க்கிற ஆசை எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை? "ஏட்டி, அதுல துத்தம் கெடக்கு, வாயில வச்சே செத்துருவ!" என்று அம்மா கையில் தட்டுவாள். பூச்சி அண்டாமலிருக்க விஷம் போட்ட அந்தப் பசையில்தான் நாங்கள் பூச்சி செய்து ஒட்டினோம் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்ட கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்க்கிற பூமிக்கு, மழையே வேண்டாத ஒரு தொழில் வாய்த்தது. பருத்தியும் கம்பும் கைவிட்ட வருடங்களில் எங்கள் வீட்டில் உலை கொதித்தது பெட்டி ஒட்டிய காசில். அதற்கு இன்னொரு முகமும் இருந்தது. விடிவதற்கு முன் ஊருக்குள் ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். என்னோடு பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைகள் பலர் தூக்குச்சட்டியோடு அதில் ஏறிப் போனார்கள். கட்டையில் தீக்குச்சி அடுக்குவதற்குச் சின்ன விரல்கள்தான் தோது என்று பெரியவர்கள் கூசாமல் சொல்வார்கள். சிவகாசிப் பக்கத்துக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். அதற்குள் அந்தப் பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். நான் பஸ் ஏறவில்லை. என் அப்பாவுக்குப் படிப்பின் மேல் ஒரு வெறி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சாயங்காலம் விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டிலும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒட்டத்தான் வேண்டும்.

இப்படி வீடு நிறையப் பெட்டி கிடந்தாலும் விளையாட ஒரு பெட்டி கிடைக்காது. எல்லாம் கணக்கு. ஓரம் பிளந்தது, ஒட்டு கோணியது என்று கழிபடுகிற பெட்டிக்குத்தான் காத்துக்கிடப்போம். நாங்களே கொஞ்சம் கோணலாக ஒட்டுவதும் நடக்கும். அம்மாவின் கண்ணுக்குத் தப்பாது. மற்ற சாமான்களும் அப்படித்தான். ஹார்லிக்ஸ் பாட்டில் காலியானால் அதில் ஊறுகாய் ஏறும். பவுடர் டப்பாவின் மூடியில் துளை போட்டு உண்டியல். கிழிந்த சேலை முதலில் தொட்டில், பிறகு தலையணை உறை, பிறகு கரித்துணி, கடைசியில் விளக்குத்திரி. படித்த தினத்தந்தி எடைக்குப் போகும், எடைக்குப் போனது பலசரக்குக் கடையில் பொட்டலமாகித் திரும்பி வரும். சிரட்டை அகப்பையாகும், ஆகாதது அடுப்பெரிக்கும். 'வேண்டாத சாமான்' என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் திகைத்துத்தான் போவார்கள். ஒரு சோடா மூடிக்காக நானும் தம்பியும் பெட்டிக்கடை வாசலில் அரை நாள் நின்றிருக்கிறோம்.

ஆனால் பூச்சிக்குப் பஞ்சமே கிடையாது. ஐப்பசி பிறந்து முதல் மழை கரிசலை ஊற வைத்ததும் எங்கிருந்துதான் வருமோ அத்தனையும். ஓடைக்கரைக் கருவேல மரத்தில் பொன்வண்டு. அதைப் பிடித்து, கழிவுப் பெட்டியில் ரெண்டு கொழுந்து போட்டு அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவோம். பெட்டிக்குள் அது நகம் உரசுகிற சத்தம் கேட்கும். 'முட்டை போட்டிருச்சா?' என்று ஒவ்வொரு பீரியடுக்கும் ஒருமுறை திறந்து பார்ப்பது. மண்ணில் சிவப்புப் பட்டாக ஊர்கிற பட்டுப்பூச்சியை உள்ளங்கையில் விட்டால் காலைச் சுருக்கிக்கொண்டு கிடக்கும். ராத்திரியில் ஈசல். வாசலில் விளக்கை வைத்து, அடியில் தண்ணீர்ச் சட்டி வைத்தால் போதும். பொரியோடு சேர்த்து வறுத்த ஈசலின் ருசியை என் பேரப்பிள்ளைகளிடம் சொன்னபோது பேரன் அன்று முழுக்க என் பக்கத்தில் உட்காரவில்லை. மறுநாள் காலையில் உதிர்ந்த ஈசல் சிறகுகள் வாசல் ஓரத்தில் அம்பாரமாய் ஒதுங்கிக் கிடக்கும். அம்மா பெருக்கித் தள்ளுமுன் தம்பி ஒரு பொட்டலம் அள்ளிக்கொள்வான்.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் கைத்தொழில் பீரியடு என்று ஒன்று இருந்தது. தக்ளியில் நூல் நூற்பது, பாய்க்கோரை பின்னுவது, இதெல்லாம் பாடத்திட்டம். எங்களுக்கு வாய்த்த கைத்தொழில் வாத்தியார் திட்டத்துக்கு ரொம்பக் கட்டுப்பட்டவர் இல்லை. உயரமான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சவரக்கத்தித் துண்டு, தாளில் சுற்றி. ஒரு மழை நாளில் தக்ளிக்குப் பஞ்சு வரவில்லை. "அவனவன் வீட்ல கெடக்கிறதை வச்சு ஒரு பூச்சி செஞ்சு கொண்டாங்கலே" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் மேசை நிறையப் பூச்சி. களிமண் பூச்சி, பஞ்சுப் பூச்சி, ஓலை வெட்டுக்கிளி. என் தம்பியும் நானும் சேர்ந்து செய்தது புளியங்கொட்டை வண்டு: கொட்டையை உடம்பாக வைத்து, முதுகில் ஈசல் சிறகை ஒட்டி, பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாருக்குக் கண் வைப்பதற்கென்று அம்மா முடிந்துவைத்திருந்த குன்றிமணியில் ரெண்டை எடுத்துக் கண்ணாக்கியிருந்தோம். (குன்றிமணி கடுமையான விஷம். இன்று எந்தப் பிள்ளை கையிலும் நான் அதைக் கொடுக்க மாட்டேன். அன்று ஊரே அதை வைத்துப் பல்லாங்குழி ஆடியது.) அழகில் எங்கள் வண்டுதான் முதலிடம் என்று வகுப்பே சொன்னது. வாத்தியார் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"காலு எத்தனை?"

நாங்கள் பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால் வைத்திருந்தோம். நிறைய இருந்தால் நன்றாக இருக்கும் என்று தம்பியின் யோசனை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன் பெஞ்சுப் பையன் ஒருவனின் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி, பொன்வண்டை எடுத்து, மேசைமேல் மல்லாக்கப் போட்டார். "எண்ணுங்க" என்றார். எல்லாரும் முண்டியடித்து எண்ணினோம். ஆறு. "சரி. எங்கேருந்து முளைக்குது? தலையிலேருந்தா, மாருலேருந்தா, வயித்துலேருந்தா?" மூக்கு வண்டில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தோம். அதற்கு முன் அந்த வண்டை எத்தனை வருடம் கையில் வைத்து விளையாடியிருப்போம்! நிறத்தைப் பார்த்திருக்கிறோம், முட்டையைப் பார்த்திருக்கிறோம். அதன் வயிற்றில் ஒரு கால்கூட இல்லை, ஆறும் நெஞ்சிலிருந்துதான் புறப்படுகிறது என்பதை யாரும் பார்த்ததில்லை. வாத்தியார் வண்டைப் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பூச்சியைப் பாக்காம பூச்சி செஞ்சா அது பொம்மை. பாத்துட்டுச் செய்யுங்க" என்றார். அன்றிலிருந்து அவர் வகுப்பில் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆறு காலும் இருக்கா?"

பின்னாளில் நானும் டீச்சராகி, தொண்ணூறுகளில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பற்றிக்கொண்ட காலத்தில், ஒரு பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாளர் ஒரு தீப்பெட்டியையும் சைக்கிள் கடையில் வாங்கிய வால்டியூப் ஒரு முழத்தையும் மேசையில் வைத்தார். வால்டியூபைப் பொடித் துண்டுகளாக நறுக்கி, அதில் தீக்குச்சிகளைச் செருகி, முக்கோணம் செய்தார், சதுரம் செய்தார். சதுரத்தைத் தொட்டால் சாய்கிறது; முக்கோணம் அசையவில்லை. இதைக் கண்டுபிடித்துப் பரப்பியவர் அர்விந்த் குப்தா என்றார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், லாரி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பக்கத்துக் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்துக்குப் போனவர், அங்கேயிருந்து குப்பையில் கிடப்பதைக் கொண்டே பொம்மை செய்யும் வேலையில் இறங்கிவிட்டார். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்கோ அன்று அந்தக் குச்சிகளைப் பார்த்ததும் வேறொன்று ஓடியது. தீக்குச்சி எங்கள் ஊரில் கூலி. அதைக் கொண்டு கணக்கும் படிக்கலாம் என்று ஒருவர் யோசித்திருக்கிறாரே!

அந்த முக்கோணத்தைப் பூச்சிக்குக் கொண்டுபோனது என் சொந்தச் சரக்கு. பூச்சி நடக்கும்போது ஒரு பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் மறுபக்கத்து நடுக்காலும் தரையில் இருக்கும். மிச்ச மூன்றும் தூக்கியிருக்கும். அடுத்த எட்டில் அவை ஊன்றும், இவை எழும்பும். எந்த நேரமும் அடியில் ஒரு முக்கோணம் இருப்பதால் அது சாய்வதே இல்லை. அழிரப்பரில் ஆறு தீக்குச்சி செருகி, மூன்றை மட்டும் ஊன்றச் செய்து பிள்ளைகளிடம் காட்டுவேன். ஒரே பக்கத்து மூன்றை ஊன்றினால் கவிழும். மாற்றி ஊன்றினால் நிற்கும். என் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "அதான் டீச்சர் அடுப்புக்கும் மூணு கல்லு" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் வாத்தியார் வேலைக்கு வந்தது தகும்.

இப்போது மகன் வீட்டில் கதை தலைகீழ். பொருளுக்குப் பஞ்சமில்லை. தினமும் ஒரு அட்டைப் பெட்டி வாசலில் வந்து விழுகிறது. அதைப் பிரித்தால் உள்ளே இன்னொரு பெட்டி. தயிர் டப்பா, பால் கவர், ஜூஸ் மூடி, தீர்ந்த பேனா, பழைய டூத்பிரஷ், என் பிரஷர் மாத்திரை அட்டை என்று ஒரு வாரத்துக்குச் சேர்வதை வைத்து நாங்கள் சிறு வயதில் ஒரு பூச்சி ராஜ்யமே செய்திருப்போம். கிடைக்காத ஒரே சாமான் தீப்பெட்டி. அடுப்பு தானாகப் பற்றிக்கொள்கிறது. பூஜை அலமாரியில் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் தீரவில்லை. 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. பதினாலு வருடம் ஒரே விலையில் நின்ற சாமான் வேறென்ன இருக்கிறது? பேரன் அந்தப் பெட்டியில் குச்சி காலியாக வேண்டும் என்று தினமும் தானே விளக்கேற்றினான். மருமகளுக்கு அவன் பக்தியில் சந்தேகம் வரவில்லை.

பொருள் மலிந்த அளவுக்குப் பூச்சி அருகிவிட்டது. அடுக்குமாடியில் பிள்ளைகள் பார்க்கும் பூச்சிகள் கொசு, கரப்பான், எறும்பு, அவ்வளவே. மூன்றையும் பார்த்தவுடன் அடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பொறிவண்டை என் பேத்தி முதலில் பார்த்தது ஒரு கைப்பையில் வரைந்த படமாக.

பள்ளிக்கூடங்களிலும் இந்தக் கைவேலை உண்டு. 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' என்று பெயர். அதன் கூத்தைச் சொல்ல வேண்டும். பேரனுக்கு அப்படி ஒரு வேலை வந்தபோது, அவன் நண்பர்களின் வீடுகளில் பெற்றோர் ஃபேன்சி ஸ்டோருக்கு ஓடிப் புதுப் பேப்பர் கப் ஒரு கட்டு, புது வண்ணக் கம்பி, ஒட்டுகிற பொம்மைக் கண் எல்லாம் வாங்கி வந்தார்கள். வேஸ்ட் செய்வதற்காகப் புதுச் சாமான்! இணையத்தில் வீடியோ பார்த்துச் செய்யலாமென்றால், எதை எடுத்தாலும் 'டாய்லெட் பேப்பர் உருளை இரண்டு' என்றுதான் தொடங்குகிறார்கள். நம் வீடுகளில் அந்த உருளைக்கு எங்கே போவது? அதற்கு நாங்கள் ஊதுபத்திக் குழலையும் தையல் கடை நூல் கோனையும் வைத்துக்கொண்டோம். முன்பெல்லாம் தட்டானுக்கு வால் செய்ய பிளாஸ்டிக் ஸ்ட்ரா எடுப்பேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் அது தடை. நல்லதாகப் போயிற்று. தீர்ந்த ரீஃபிலில் வால் இன்னும் நன்றாக அமைகிறது.

எங்கள் பட்டறையில் முதல் படைப்பு பொறிவண்டு. முட்டை அட்டையின் ஒரு குழியை வெட்டிக் கவிழ்த்தால் முதுகு தயார். சிவப்புக்குக் கடை வண்ணம் வேண்டாமென்று மஞ்சள்தூளில் சுண்ணாம்பைக் குழைத்தேன். ஆரத்திச் சிவப்பு உண்டானதும் பேரன் வாயைப் பிளந்தான். நாலு நாளில் அது வெளிறி மறுபடி மஞ்சளடிக்கத் தொடங்கும் என்பதைச் சொல்லாமல் விட்டேன், அவனே பார்க்கட்டும் என்று. புள்ளி வைக்க மருமகளின் ஸ்டிக்கர் பொட்டுகள். குளியலறைக் கண்ணாடியில் வருடக்கணக்கில் ஒட்டிச் சேர்ந்திருந்த கறுப்புப் பொட்டுகளைப் பேத்தி ஒவ்வொன்றாகப் பெயர்த்து வந்தாள். எத்தனை வைப்பது? ஏழு புள்ளி வண்டுக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று. ஏழாவது தலைக்குப் பின்னால், நட்டநடுவில். அதன் முதுகோடு இரண்டு கதவுகளாகத் திறக்கிற ஓடு. அதனால் நடுப்புள்ளி இந்த ஓட்டில் பாதி, அந்த ஓட்டில் பாதி. பேத்தி ஒரு பொட்டைக் கத்தரித்து இரண்டாக்கி ஒட்டினாள். ஓட்டைத் திறந்தால் அடியில் பறக்கிற சிறகு இருக்க வேண்டுமே என்று அவளாகவே கேட்டாள். ஊதுபத்திப் பெட்டிக்குள் இருந்த கண்ணாடித் தாள் அதற்கு உதவியது.

"இது என்ன சாப்பிடும் ஆச்சி?"

பால்கனியில் ஒரு தொட்டி அவரை. அதன் கொழுந்தில் அசுவினி அப்பியிருந்தது. அதைக் காட்டி, இதைத்தான் என்றேன். எங்கள் ஊரில் அப்பா பருத்திக்குப் பூச்சிமருந்துப் பவுடர் தூவும்போது கெட்ட பூச்சி, நல்ல பூச்சி என்று பார்த்துத் தூவவில்லை. யாரும் அப்படிச் சொல்லித்தரவும் இல்லை. இப்போது விவசாயத் துறைக்காரர்களே பொறிவண்டை விடுங்கள் என்கிறார்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குக் கல்யாணப் பத்திரிகை. இதைவிடத் தோதான தாள் உலகத்தில் இல்லை என்பது என் கட்சி. கெட்டியாக இருக்கும், ஜரிகை மினுக்கம் இருக்கும், மூலையில் தடவிய மஞ்சள்கூட அலங்காரம்தான். நடுவில் மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே அச்சு. சில சிறகில் மணமகன் பெயர், சில சிறகில் 'தங்கள் நல்வரவை விரும்பும்'. பேரனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது; அவன் தினசரி நாள்காட்டித் தாளைக் கிழித்து மடித்தான். அவன் பூச்சிகளின் இடச் சிறகில் ராகுகாலமும் வலச் சிறகில் எமகண்டமும் இருக்கும். உணர்கொம்புக்கு வாழைநார், நுனியில் பசை தொட்டு ஒரு கடுகு. நுனி உருண்டையாக இருந்தால் வண்ணத்துப்பூச்சி. கடுகு இல்லாமல் இறகு வைத்தால் விட்டில்.

நம் மாநிலத்துக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு, 2019இல் அறிவித்தார்கள், தமிழ் மறவன் என்று பெயர் என்றதும் பேரனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. போனில் படம் எடுத்து வைத்துப் பார்த்துச் செய்தான். ஆரஞ்சுச் சிறகு, ஓரத்தில் கறுப்பு வரி. கால் ஒட்டும் நேரத்தில் படத்தையே வெகு நேரம் பார்த்தான். பிறகு என்னிடம் போனை நீட்டினான்.

"ஆச்சி, நீங்க சொன்னது தப்பு. இதுக்கு நாலு கால்தான் இருக்கு."

வாத்தியார் இருந்திருந்தால் அவனுக்கு ஒரு சபாஷ் கொடுத்திருப்பார். எனக்கு அந்த விஷயம் தெரிந்திருந்ததால் தப்பித்தேன். அந்தக் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளுக்கு முன்னங்கால் இரண்டும் குறுகி, மயிர் அடர்ந்து, நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். நடக்க உதவாது. நிற்பது நாலில்தான். "அப்போ இருக்கு, ஆனா வெளியே தெரியாது" என்று அவன் ரெண்டு சின்ன நாரை நெஞ்சுக்கு அடியில் மடக்கி ஒட்டினான். யாரும் பார்க்கப்போவதில்லை, பார்த்தாலும் தெரியாது, இருந்தாலும் ஒட்டினான். அதன் பிறகு எட்டுக் காலுக்கு வந்தோம். சிலந்தியும், நான் சிறுவயதில் கொண்டாடிய சிவப்புப் பட்டுப்பூச்சியும் எட்டுக் கால் கூட்டம். பூச்சி இனத்தில் சேராது. அந்தப் பட்டுப்பூச்சியே முட்டையிலிருந்து வெளிவரும்போது ஆறு காலோடுதான் வரும், வளர்ந்த பிறகுதான் எட்டு என்று சொன்னேன். "சின்ன வயசுல பூச்சியா இருந்துட்டுப் பெரிசானா மாறிடுமா?" என்றாள் பேத்தி. இல்லை, அப்போதும் அது சிலந்தி வகைதான் என்று விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பார்த்துச் செய்ய வேண்டும் என்றால் பார்க்கப் பூச்சி வேண்டுமே. ஒரு விடுமுறையில் கோயம்புத்தூருக்குப் போனபோது வேளாண்மைப் பல்கலைக்கழகத்துப் பூச்சி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். 2018இல் திறந்தது. கண்ணாடிக்குள் வரிசை வரிசையாகக் குத்திவைத்த வண்டுகள். என் பொன்வண்டு அங்கே இருந்தது, அதே பச்சை. பேரன் என் பக்கம் திரும்பி, "இதையா தீப்பெட்டில வச்சிருந்தீங்க?" என்றான், நான் ஏதோ புதையல் வைத்திருந்ததுபோல. பேத்தி கண்ணாடியில் மூக்கை வைத்துக் கால் முளைக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயிரோடு பார்த்தது தட்டானை. அதற்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. செப்டம்பர், அக்டோபரில் சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறினால் கூட்டம் கூட்டமாகச் சுற்றும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று அம்மா காயப்போட்ட வற்றலை அள்ள ஓடுவாள். எங்கள் ஊர்ப் பையன்கள் அதன் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவார்கள், கல் தூக்க வைப்பார்கள். இந்த மாடியில் சுற்றுகிற மஞ்சள் தட்டான் லேசுப்பட்டதில்லை. மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், நன்னீர் அவ்வளவாக இல்லாத அந்தத் தீவுகளுக்கு அக்டோபர் ஆனால் இத்தனை தட்டான் எங்கிருந்து வருகிறது என்று வருடக்கணக்கில் குறித்து வைத்தார். தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி, மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று 2009இல் எழுதினார். இதைக் கேட்ட பிறகு பேரன் செய்த தட்டானுக்குச் சிறகு பெரிதாகிவிட்டது. ரீஃபில் வால், மாத்திரை அட்டையின் இரண்டு குமிழ்கள் கண், சிறகுக்கு என்னுடைய பழைய முழங்கால் எக்ஸ்ரே. ஆப்பிரிக்காவுக்குப் போகிற தட்டானின் இறக்கையில் என் தேய்ந்த மூட்டு இருக்கிறது. என்னால் மாடிப்படியே ஏற முடியவில்லை.

போன வாரம் அவர்கள் இருவரும் என்னைச் சேர்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று செய்தார்கள். கரப்பான். உடம்புக்கு அட்டைப் பெட்டித் துண்டு, சிறகுக்கு வெங்காயச் சருகு. நரம்போடி, பழுப்பாய், மினுமினுவென்று அச்சு அசலாக அமைந்திருந்தது. காலுக்குப் பூந்துடைப்பத்தில் கொண்டை கழிந்த காம்பு. அதில் இயற்கையாகவே முள் முள்ளாக இருக்கும். மீசைக்கு அதன் நுனி. செய்து முடித்து, ஆறு காலையும் எண்ணிப் பார்த்து, அடுப்படி மேடையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் பாதி தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வந்தார்கள்.

சாயங்காலம் காபி போடப் போன மருமகள் அலறியது கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் எழுந்து போவதற்குள் செருப்போடு நின்றாள். "அத்தை, தள்ளி நில்லுங்க!" ஓர் அடி, கரப்பான் மேடையிலிருந்து தரைக்குப் பறந்தது. அடுத்த அடிக்குக் கை ஓங்கியபோது பேத்தி நடுவில் பாய்ந்தாள்.

"அம்மா, அடிக்காதீங்க! அதுல ஒண்ணு வயித்துலேருந்து முளைக்குதான்னு ஆச்சி பாக்கணும்!"

மருமகள் செருப்பைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூவரையும் முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளே குனிந்து அதை மீசையைப் பிடித்துத் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பினாள். "வெங்காயத் தோலா?" என்றாள். பேரன் அதைப் பிடுங்கிக்கொண்டு எண்ணினான். அஞ்சு. ஆறாவது கால் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது என்று சொல்லி, டப்பாவைத் தூக்கச் சொல்லி அவளிடமே கேட்டான்.